தீட்டு வேறு, தொற்று வேறு: யூரின் பேக்கை யார் தொடுவது?



அடுத்த முறை உறவினரைப் பார்க்க ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனால், கட்டிலுக்கு மேலே தொங்கும் குளுக்கோஸ் பாட்டிலை விட்டுவிட்டுக் கட்டிலுக்குக் கீழே பாருங்கள். அங்கே ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். பாதியோ முழுசோ சிறுநீர் நிறைந்திருக்கும். அந்தப் பையைக் காலி செய்வது யார் என்று கவனியுங்கள். டாக்டர் செய்ய மாட்டார். நாற்பது ஐம்பது கட்டில்களை ஒற்றை ஆளாகப் பார்க்கும் செவிலியருக்கு அதற்கு நேரம் இருக்காது. நோயாளியின் மனைவியோ மகளோ மருமகளோ செய்வார். கூட யாரும் இல்லாத நோயாளி என்றால், "கூட்டுற அம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். அந்த அம்மா எந்தத் தெருவிலிருந்து வேலைக்கு வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஊர் மாறும், மருத்துவமனை மாறும், பதில் பெரும்பாலும் மாறாது.

புவனகிரி சுற்றுவட்டாரத்து ஏழைக்கு மருத்துவமனைப் பாதை தெரியும். புவனகிரியில் முடியாவிட்டால் சிதம்பரம் காமராஜர் அரசு மருத்துவமனை. அங்கேயும் முடியாவிட்டால் அண்ணாமலை நகர். அதற்கும் மேலே புதுச்சேரி ஜிப்மர். பிரசவம், விபத்து, பக்கவாதம், புராஸ்டேட், புற்றுநோய் என்று எதற்காகப் போனாலும் இந்தப் பாதையில் எங்கேயாவது ஓரிடத்தில் சிறுநீர்க் குழாய் போடப்பட்டுவிடும். அதைப் போடுவது சில நிமிட வேலை. அதற்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்வது நாள் கணக்கு, சிலருக்கு ஆயுள் கணக்கு. அந்த நாள் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

செவிலியர் படிப்பின் தொடக்கப் பாடத்தைச் சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். படிப்பும் பயிற்சியும் தேவைப்படும் ஒரு வேலைக்கு 'அசிங்கமான வேலை' என்று பெயர் வைத்து, பயிற்சியும் கையுறையும் உரிய கூலியும் கொடுக்காமல் கீழே தள்ளிவிடுவது சாதியின் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு முதல் விலை கொடுப்பவர் தொழிலாளி. அடுத்த விலையைக் கட்டிலில் படுத்திருப்பவர் கொடுக்கிறார். அரசு மருத்துவமனையில் அந்த இரண்டு பேருமே பெரும்பாலும் நம் ஆட்கள்தான்.

நந்தன் இறங்கிய தீயும் வியன்னாவின் வார்டும்

தீட்டு என்றால் என்ன என்பதைச் சிதம்பரம் மண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் நந்தன் தில்லைக் கோயிலுக்குள் போக முடிந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஊர் இது. அதே நந்தன் பெயரில் 1916-இல் சுவாமி சகஜானந்தர் இதே ஊரில் கல்விக்கூடம் தொடங்கினார். தீயில் இறங்க வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு வா என்பதுதான் அதன் பொருள். இந்தியா முழுவதும் தீண்டாமை எந்தெந்த வடிவத்தில் இருக்கிறது என்று 1969-இல் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர் எல். இளையபெருமாள், பக்கத்துக் காட்டுமன்னார்கோயில்காரர். ஆகவே தீட்டைப் பற்றிய பாடம் நமக்குப் பழையது. தொற்றைப் பற்றிய பாடத்தைத்தான் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தீட்டு பிறப்போடு ஒட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லப்படுவது. எத்தனை முறை குளித்தாலும் போகாது. அது யாருடைய கை என்று பார்க்கும், அந்தக் கை என்ன செய்தது என்று பார்க்காது. தொற்று நேர் எதிரானது. அது செயலில் பரவுகிறது, சோப்பும் தண்ணீரும் பட்டால் போகிறது. கை யாருடையது என்பது கிருமிக்குத் தெரியாது.

இதை உலகத்துக்கு முதலில் காட்டியவர்களில் ஒருவர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவச்சிகள். காய்ச்சலில் செத்த தாய்மார்கள் டாக்டர்கள் பார்த்த பிரிவில்தான் அதிகம். காரணம், பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு அவர்கள் பிரசவ வார்டுக்கு வந்ததுதான். குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்ததும் சாவு மளமளவென்று குறைந்தது. ஆனாலும் தங்கள் கைதான் கொன்றது என்பதை அன்றைய பெரிய டாக்டர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. உயர்ந்தவர் கை சுத்தமானது, தாழ்ந்தவர் கை அசுத்தமானது என்ற நினைப்பு ஐரோப்பாவிலும் உயிரைத்தான் பலி வாங்கியது. நம் ஊரில் அந்த நினைப்புக்குச் சாதி என்று பெயர்.

குழாய் சொல்லித்தரும் பாடம்

இப்போது விஷயத்துக்கு வருவோம். இன்று வார்டுகளில் பரவலாகப் போடப்படுவது ஃபோலி கத்தீட்டர். 1930-களில் ஃபிரெடரிக் ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கியது. மெல்லிய குழாய், அதன் நுனிக்குக் கீழே ஒரு சிறு பலூன். குழாய் சிறுநீர்ப்பைக்குள் போனதும் பலூனுக்குள் கிருமி நீக்கிய நீரைச் செலுத்துவார்கள், பெரியவர்களுக்குப் பொதுவாக 10 மில்லி. பலூன் உப்பியிருப்பதால் குழாய் வெளியே வராது. சிறுநீர் வருவதைப் பார்த்த பிறகுதான் பலூனை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அது பாதி வழியில், சிறுநீர்த் தாரைக்குள்ளேயே உப்பிக் கிழித்துவிடும். எடுக்கும்போதும் பலூனைக் காலி செய்த பிறகே எடுக்க வேண்டும். நினைவு தடுமாறிய நோயாளி தானே இழுத்துவிட்டு ரத்தம் கொட்டுவது இதனால்தான்.

நம் உடம்பு சிறுநீர்ப்பையைக் காத்துக்கொள்வது ஓட்டத்தால். சிறுநீர் வேகமாக வெளியேறும்போது கிருமியையும் அடித்துக்கொண்டு போகிறது. குழாய் போட்டதும் அந்தக் காவல் போய்விடுகிறது. வெளியிலிருந்து உள்ளே ஒரு பாலம் போட்டாகிவிட்டது. குழாயின் வெளிப்புறத்தில் ஊர்ந்தும், பையும் குழாயும் சேரும் இடம் வழியாக உட்புறத்திலும் கிருமிகள் ஏறும். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு என்கின்றன மருத்துவ நூல்கள். ஒரு மாதம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். எனவே பராமரிப்பின் முதல் விதி, தேவையில்லாத நாளில் குழாய் உள்ளே இருக்கக் கூடாது என்பது. "இன்றைக்கும் இது வேண்டுமா?" என்று தினமும் காலையில் கேட்க வேண்டும். செவிலியர் கேட்கலாம், நோயாளியின் மகளும் கேட்கலாம். அந்தக் கேள்விக்குக் கோபப்படுகிறவர்கள் பாடத்தை மறந்தவர்கள்.

மற்ற விதிகளை ஒவ்வொன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கையுறை போட்டாலும் கழுவ வேண்டும்.

பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. மேலே தூக்கினால் பையில் இருக்கும் பழைய சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது நோயாளியின் வயிற்றின் மேல் பையை வைப்பது பெரிய தவறு.

குழாயைத் தொடையில் ஒட்டி வைக்க வேண்டும். மடங்கக் கூடாது, உடம்புக்கு அடியில் சிக்கக் கூடாது.

பையையும் குழாயையும் பிரிக்கக் கூடாது. மூடிய வழி மூடியபடியே இருக்க வேண்டும். பரிசோதனைக்குச் சிறுநீர் எடுப்பதென்றால் குழாயில் அதற்கென்று இருக்கும் இடத்தில் எடுக்க வேண்டும், பையிலிருந்து எடுக்கக் கூடாது.

மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனிப் பாத்திரம் வேண்டும். பையின் திறப்பு பாத்திரத்தில் இடிக்கக் கூடாது. ஒரே மக்கை வைத்துக்கொண்டு பத்துக் கட்டிலையும் காலி செய்தால் முதல் கட்டிலின் கிருமி பத்தாவது கட்டில் வரைக்கும் நடந்து போகும். அதைச் செய்தவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்குப் பத்துப் பாத்திரம் யாரும் கொடுக்கவில்லை, ஏன் பத்து வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை.

குழாய் நுழையும் இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். டெட்டால் ஊற்றுவது, பவுடர் போடுவது, களிம்பு தடவுவது வேண்டாம்.

சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை வருகிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் கேட்கக் கூடாது. காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்றிலோ விலாவிலோ வலி, முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பம், ரத்தம் ஆகியவை வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். தேவையில்லாமல் விழுங்கிய மாத்திரை, தேவைப்படும் நாளில் வேலை செய்யாது.

இதில் எதற்காவது மேல்சாதிக் கை வேண்டுமா? வேண்டியதெல்லாம் தண்ணீர், சோப்பு, பயிற்சி, நேரம். நான்கும் செலவு பிடிப்பவை. அந்தச் செலவை மிச்சப்படுத்தத்தான் சாதி பயன்படுகிறது.

குழாய் போடுவதற்கு முன்னால் அளந்து பார்

எல்லோருக்கும் குழாய் தேவையில்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டவர், மணிக்கு மணி அளவு பார்க்க வேண்டிய தீவிர நோயாளி, சில அறுவை சிகிச்சைகள், சிறுநீர் கட்டுப்படாமல் முதுகடியில் புண் ஆறாமல் இருப்பவர், கடைசிக் காலத்தில் வேதனை குறைய வேண்டியவர் போன்றோருக்குத் தேவை. கழிவறை தூரமாக இருக்கிறது, கைபிடித்து அழைத்துப் போக ஆள் இல்லை என்பதற்காகக் குழாய் போடுவது மருத்துவம் ஆகாது. அங்கே இல்லாதது கழிவறையும் ஆளும். அந்த இரண்டையும் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் ஒரு ஏழையின் உடம்புக்குள் குழாயைச் செருகி நிர்வாகம் தப்பித்துக்கொள்கிறது.

தேவையா இல்லையா என்பதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை, அளந்தே சொல்லலாம். அதற்குத்தான் பிளாடர் ஸ்கேனர். கையடக்கமான அல்ட்ராசவுண்ட் கருவி. நோயாளியைச் சிறுநீர் கழிக்கச் சொல்லி, சில நிமிடங்களுக்குள் மல்லாந்து படுக்க வைத்து, அடிவயிற்றில் முன்பக்க இடுப்பெலும்புக்குச் சற்று மேலே ஜெல் தடவிக் கருவியை வைத்தால், உள்ளே எத்தனை மில்லி மிச்சம் இருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். ஊசி இல்லை, குழாய் இல்லை, வலி இல்லை. பெரியவர்களின் சிறுநீர்ப்பை பொதுவாக 400 முதல் 600 மில்லி கொள்ளும். கழித்த பிறகு 50 மில்லிக்குள் மிச்சம் இருந்தால் நன்றாகக் காலியாகிறது என்று பொருள். 200-ஐத் தாண்டினால் சரியாகக் காலியாகவில்லை. எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. வயிற்றில் நீர் கோத்திருந்தால் கருவி ஏமாறும். நோயாளியின் வலியையும் உணர்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த அளவு அதிகம் தேவைப்படும் இடம் பிரசவ வார்டு. சிசேரியனுக்குப் போட்ட குழாயை எடுத்த பிறகும், சுகப்பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மணி நேரத்துக்குள் தாய் சிறுநீர் கழித்தாரா என்று பார்க்க வேண்டும். "போகுது சிஸ்டர், சொட்டுச் சொட்டாத்தான் போகுது" என்று அவர் சொன்னால் அதைப் 'போகிறது' என்று எழுதிக்கொண்டு நகரக் கூடாது. நிறைந்து வழிகிற பானையும் சொட்டும். அளவுக்கு மீறி விரிந்த சிறுநீர்ப்பை பிறகு சுருங்கும் சக்தியை இழந்துவிடலாம். சேரியிலிருந்து வந்த பெண், அதட்டலுக்குப் பயந்து வலியை விழுங்கிக்கொண்டு படுத்திருக்கும் வார்டுகளை நாம் பார்த்திருக்கிறோம். அவளிடம் இரண்டு நிமிடம் உட்கார்ந்து கேட்பதும் ஸ்கேன்தான்.

ஸ்கேனர் லட்சக்கணக்கில் விலை போகிறது, எல்லா இடத்துக்கும் எப்படி வாங்குவது என்பார்கள். சாதாரண அல்ட்ராசவுண்ட் இயந்திரம் இருக்கும் இடத்திலேயே சிறுநீர்ப்பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 0.52-ஆல் பெருக்கினால் மில்லி கணக்கு ஏறக்குறைய கிடைத்துவிடும். கருவி இல்லை என்பதை விட, அளந்து பார்க்கும் வழக்கம் இல்லை என்பதுதான் உண்மையான குறை.

வீட்டுக்கு வந்த பிறகு

பனை ஏறி விழுந்தவர், தென்னை ஏறி விழுந்தவர், சென்னையிலோ கேரளத்திலோ கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர் என்று நம் காலனிகளில் முதுகுத்தண்டு அடிபட்ட இளைஞர்கள் இருக்கிறார்கள். நெற்றியில் பட்ட காயம் ஆறிவிடும். அவர்களைத் தொடர்ந்து துரத்துவது சிறுநீரும் படுக்கைப் புண்ணும்தான். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் முன்பெல்லாம் அதிகம் செத்தது சிறுநீரகம் கெட்டுத்தான்.

அதை மாற்றியது பெரிய அறுவை சிகிச்சை இல்லை, ஒரு பழக்கம். 1972-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாபிடிஸ் ஒரு முறையைச் சொன்னார். நோயாளி தன் கையாலேயே மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிவிட்டுக் குழாயை எடுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை. முழுக்கக் கிருமி நீக்கிய ஏற்பாடு தேவையில்லை, சுத்தமான கையும் சுத்தமான குழாயும் போதும், நேரம் தவறாமல் காலி செய்வதுதான் முக்கியம் என்றார். நிரந்தரக் குழாயோடு படுத்துக் கிடந்தவர்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போக இது வழி திறந்தது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமைப்பட ஒரு வரலாறு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார், 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது. கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இப்படிப்பட்ட இடங்களில் பயிற்சி பெற்றவர் சாகாமல் வாழ்கிறார். இந்தப் பயிற்சி கிடைக்காமல் நேராகக் காலனிக்கு அனுப்பப்பட்டவர், திண்ணைப் பக்கத்தில் கட்டில் போட்டு மெல்ல மெல்லக் கரைகிறார். வித்தியாசம் விதியில் இல்லை.

வீட்டில் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். குழாய் இருந்தும் நான்கு மணி நேரம் சிறுநீரே வரவில்லை என்றால் குழாய் மடங்கியிருக்கிறதா, பை மேலே இருக்கிறதா என்று பாருங்கள். மலச்சிக்கலும் அடைப்பை உண்டாக்கும். அப்படியும் வராவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சுக்கு நடுவிலோ அதற்கு மேலோ முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அடைப்பு ஏற்பட்டால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை வெடிப்பது போல் வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். இது உயிருக்கு ஆபத்தான நிலை. நிமிர்த்தி உட்கார வைத்து, அடைப்பைப் பார்த்து, 108-ஐக் கூப்பிடுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவரை, தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். லேடெக்ஸ் குழாயைச் சில வாரங்களில் மாற்ற வேண்டும், முழு சிலிக்கான் குழாய் 12 வாரம் வரை இருக்கலாம். எந்தக் குழாய், எந்தத் தேதியில் போட்டது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. பையோடு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் வெட்கப்பட்டு அதைப் புடவைக்குள்ளோ லுங்கிக்குள்ளோ மறைத்து மடியில் வைத்துக்கொள்கிறார்கள். வெட்கம் பையை மேலே தூக்குகிறது, பழைய சிறுநீர் உள்ளே திரும்புகிறது. ஒரு மஞ்சப் பையைத் தைத்து அதற்குள் யூரின் பேக்கை வைத்து முட்டிக்குக் கீழே தொங்கவிடுங்கள். மானமும் காப்பாற்றப்படும், சிறுநீர்ப்பையும் காப்பாற்றப்படும்.

ஆனால் 'சுத்தமான கை' என்று எழுதுவது சுலபம். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். தண்ணீர்க் குழாய் கடைசியாக வந்து சேரும் தெருவில் ஒரு நாளைக்கு ஆறு முறை கை கழுவுவதற்கும் அரசியல் வேண்டும்.

"மறுபடியும் எங்களையே அள்ளச் சொல்கிறீர்களா?"

இந்தக் கேள்வியை ஓர் இளம் தோழர் கேட்டால் அது நியாயமான கேள்வி. மலமும் மூத்திரமும் அள்ளும் வேலையிலிருந்து வெளியே வரத்தான் நம் முன்னோர் போராடினார்கள். துப்புரவுத் தொழிலைப் புனிதம் என்று காந்தி புகழ்ந்ததை அம்பேத்கர் 1945-இல் வந்த தன் நூலில் கடுமையாக விமர்சித்தார். அடிமை வேலைக்கு மாலை போட்டு அதிலேயே ஆளைக் கட்டிவைக்கும் தந்திரம் அது. அதை நாம் ஒருநாளும் ஏற்கப் போவதில்லை.

நான் சொல்வது வேறு. தொழிலை மட்டும் பிரிக்காமல் தொழிலாளர்களையே மேலும் கீழுமாக அடுக்குவது சாதி என்று அம்பேத்கர் 1936-இலேயே விளக்கினார். வார்டில் நடப்பது அதுதான். குழாயைச் செருகுவது படித்த வேலை, பையைக் காலி செய்வது கூலி வேலை என்று ஒரே சிகிச்சையை நடுவில் வெட்டி, மேல் பாதிக்கு மரியாதையும் கீழ்ப் பாதிக்கு நாற்றமும் வைத்திருக்கிறார்கள். மருத்துவப்படி அது ஒரே வேலை. கீழ்ப் பாதி தவறினால் மேல் பாதி வீண். அதைப் பயிற்சி பெற்றவர், கையுறையோடு, எழுதி வைத்துக்கொண்டு, முழுச் சம்பளத்தோடு செய்ய வேண்டும். அவர் எந்தச் சாதியில் பிறந்தவராகவும் இருக்கலாம். பிராமணச் செவிலியரும் அந்தப் பையைக் காலி செய்வார், வன்னியச் செவிலியரும் செய்வார், நம் வீட்டுப் பிள்ளையும் செய்வார். அதைச் செய்தவர் நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துதான் கூலிக்கும் தொழிலுக்கும் உள்ள வித்தியாசம்.

செவிலியரைக் குறை சொல்லி நிறுத்திக்கொள்வதும் சரியாகாது. பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. நடப்பது எல்லோருக்கும் தெரியும். 2015-இல் தேர்வு எழுதி வந்த செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் அமர்த்தியது தமிழ்நாடு அரசு. கொரோனாக் காலத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை 2022 கடைசி நாளோடு வீட்டுக்கு அனுப்பியது. செவிலியரை இப்படி நடத்தும் அமைப்பில் பை தூய்மைப் பணியாளர் கைக்குப் போகாமல் எங்கே போகும்? ஒப்பந்தச் செவிலியரும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கும் வரை ஒப்பந்தக்காரருக்குக் கொண்டாட்டம்.

என்ன கேட்க வேண்டும்

சட்டம் கையில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய கத்தீட்டரும் யூரின் பேக்கும் சிவப்புப் பையில் போக வேண்டும். அந்தக் கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, வேலையில் சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பயிற்சி கொடுக்க வேண்டும். மஞ்சள் காமாலை பி-க்கும் டெட்டனஸுக்கும் தடுப்பூசி போட வேண்டும். பாதுகாப்பு உடை கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு, உங்கள் ஊர் மருத்துவமனையில் இந்தப் பயிற்சி எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு நடந்தது என்று கேளுங்கள். வரும் பதிலும் ஆவணம், வராத பதிலும் ஆவணம்.

வார்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பாத்திரம் கேளுங்கள். பிரசவ வார்டிலும் அறுவை சிகிச்சை வார்டிலும் சிறுநீர் அளவு பார்க்கும் ஏற்பாடு கேளுங்கள். குழாயோடு வீட்டுக்கு அனுப்பும் முன் வீட்டாருக்கு அரை மணி நேரம் செய்து காட்டிச் சொல்லித்தர வேண்டும் என்று கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் சேவை இருக்கிறது. படுக்கையில் இருப்பவர்களின் பட்டியலில் உங்கள் காலனியின் பெயர்கள் இருக்கின்றனவா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் சரிபாருங்கள். அந்த வண்டி ஊர்த் தெருவோடு திரும்பிவிடாமல் காலனிக்குள் வருகிறதா என்றும் பாருங்கள்.

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் அண்ணாமலை நகரைப் பார்க்கலாம். 2013-இல் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகும் அங்கே மருத்துவ மாணவர்களிடம் மற்ற அரசுக் கல்லூரிகளைப் போல் பல மடங்கு கட்டணம் வாங்கினார்கள். 2020 டிசம்பரில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். ஐம்பது நாளுக்கு மேல் எழுந்திருக்கவில்லை. 2021 ஜனவரியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது. இன்று அது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. கட்டணத்தை மாற்றிய மாணவர் கூட்டத்துக்கு வார்டின் வழக்கத்தை மாற்றவும் முடியும். மருத்துவம், நர்சிங் படிக்கும் தலித் மாணவர்கள் அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, சங்கக் கூட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நர்சிங் படித்த ஒரு தோழரை அழைத்து, ஒரு குழாயையும் ஒரு பையையும் நடுவில் வைத்து, ஆண்களும் பெண்களும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் படுத்திருக்கும் அப்பாவின் பையை அம்மாவும் அண்ணியும் மட்டுமே காலி செய்யும் வீடு என்றால் அங்கேயும் ஓர் அடுக்கு இருக்கிறது, அதையும் உடையுங்கள். கற்றுக்கொண்டதை இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்குச் சொல்லுங்கள். அவர் ஊர்த் தெருக்காரராக இருந்தாலும் சொல்லுங்கள். கை கழுவிவிட்டுத் தொடுங்கள், தொட்டுவிட்டுக் கை கழுவுங்கள். தொற்றுக்கு அது போதும். தீட்டுக்கு மருந்து வேறு, அதற்கான வேலையையும் நிறுத்தாமல் செய்வோம்.

ஜெய்பீம்.